எட்டாவது ஸ்க்ரூ

அந்த எக்ஸ்ரேயை இன்னமும் வைத்திருக்கிறேன். உறை மூன்று முறை மாறிவிட்டது, படத்தின் ஓரம் பழுப்பேறிவிட்டது. 1993, ஆடி மாதம். நாமக்கல் பக்கத்து லாரி ஓட்டுநர். அப்போது முப்பத்திரண்டு வயது. லோடு இறக்கும்போது மரக்கட்டை சரிந்து, இடது காலில் முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்பு நான்கு துண்டாகியிருந்தது. தோல் கிழியவில்லை. நான் டி.ஆர்த்தோ முடித்து இரண்டாவது வருஷம். காலின் முன்புறம் ஒரு சாணுக்கு மேல் கீறினேன். எலும்பைப் போர்த்தியிருக்கும் பெரியாஸ்டியம் என்ற சவ்வைச் சுரண்டி ஒதுக்கினேன். நான்கு துண்டும் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி வைத்துக்கொண்டு, மயிரிழை இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று பொருத்தினேன். எட்டுத் துளை பிளேட், எட்டு ஸ்க்ரூ. மறுநாள் எடுத்த படத்தில் முறிந்த கோடே தெரியவில்லை. யூனிட் சீஃப் அதை விளக்குப்பெட்டியில் மாட்டி, பி.ஜி. மாணவர்களைக் கூப்பிட்டு, "இப்படித்தான் இருக்கணும்" என்றார். அன்று ராத்திரி எனக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

ஆறாவது வாரம் தையல் போட்ட இடத்தில் தோல் கறுத்தது. எட்டாவது வாரம் சீழ். நான்காம் மாதம் பிளேட்டைக் கழற்றியபோது அதன் அடியில் எலும்பு தந்தம் மாதிரி வெளுத்து, உளி வைத்தாலும் ஒரு பொட்டு ரத்தம் கசியாமல் கிடந்தது. உயிரோடு இருந்த எலும்பை அழகாகப் பொருத்தி, பொருத்தும்போதே கொன்றிருந்தேன். பிறகு வெளியே கம்பி மாட்டினோம், இடுப்பிலிருந்து எலும்பெடுத்து வைத்தோம், கடைசியில் வேறோர் ஊரில் வேறொரு டாக்டர் காலைச் சுற்றி வளையங்கள் மாட்டினார். மூன்று வருஷம், ஆறு அறுவை. தவணையில் வாங்கியிருந்த லாரி ஃபைனான்ஸ்காரரிடம் திரும்பிப் போயிற்று. எலும்பு கூடியது. கால் இரண்டு சென்டிமீட்டர் குட்டை, கணுக்கால் மடங்காது.

அந்த மூன்று வருஷத்தில் ஒருநாள், வார்டில் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, நான் முகத்தை நிமிர்த்தாததைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "உங்க மேல என்னங்க இருக்குது? நீங்க நல்லாத்தான் செஞ்சீங்க. எல்லாம் என்ற தலையெழுத்துங்க."

அந்தச் சொல்லுக்குள் நான் ஒன்பது வருஷம் ஒதுங்கியிருந்தேன். மழைக்கு ஒதுங்குவதுபோல.

என்னைத் துளைக்கிற கேள்வி இதுதான். எல்லோரும் சரியென்று சொன்னதை, கற்றபடியே, கவனக்குறைவு இல்லாமல் செய்தேன். பிறகு அது தவறென்று தெரிந்தது. அப்படியானால் அந்தக் கால் யார் கணக்கு? சட்டத்தைக் கேட்டால், அன்றைய வழக்கப்படி செய்தாரா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கோப்பை மூடிவிடும். நான் கேட்பது கோயில் படியில் உட்கார்ந்து கேட்கிற கேள்வி. அதற்குக் கோப்பும் கிடையாது, மூடுவதும் கிடையாது.

முதலில் அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்லவேண்டும். அதைக் கொண்டுவந்தவர்கள் கொடியவர்கள் அல்ல. பெரும் இரக்கத்தோடுதான் தொடங்கினார்கள். அவர்களுக்கு முன்பு கால் ஒடிந்தவனை மாதக்கணக்கில் கட்டிலில் போட்டு எடை தொங்கவிடுவார்கள், அல்லது மாவுக்கட்டில் பூட்டிவைப்பார்கள். எலும்பு கூடிவிடும், ஆனால் தசை வற்றி, மூட்டு இறுகி, வேலைக்குப் போக முடியாத கால் ஒன்று மிஞ்சும். பெல்ஜியத்தில் ராபர்ட் டானிஸ் என்ற அறுவை மருத்துவர் 1949-ல் ஒரு நூல் எழுதினார். துண்டுகளை இடைவெளியின்றி அழுத்திப் பொருத்தி அசையாமல் பிடித்துவிட்டால், சுற்றிலும் புது எலும்பு கட்டியாக வளராமலேயே முறிவு தானாகப் பற்றிக்கொள்ளும் என்று காட்டினார். அவரைப் பிரஸ்ஸல்ஸில் போய்ப் பார்த்துவந்த மாரிஸ் முல்லர் என்ற சுவிஸ் மருத்துவர், 1958-ல் பீல் நகரத்தில் மற்ற பன்னிரண்டு பேரோடு சேர்ந்து ஏ.ஓ. என்ற குழுவைத் தொடங்கினார். 1960 டிசம்பரில் டாவோஸ் என்ற மலை ஊரில் முதல் பயிற்சி வகுப்பு. பேராசிரியர் பேச மற்றவர்கள் கேட்பதோடு நிற்காமல், அறுவை மருத்துவர்களே துரப்பணத்தையும் பிளேட்டையும் கையில் பிடித்துப் பழகினார்கள். இன்று உலகம் முழுவதும் எலும்பு முறிவுக்கான தொடர்கல்வி நடக்கிற முறை அங்கே பிறந்ததுதான்.

அந்தக் குழு செய்த இன்னொரு காரியத்தை நான் பிளேட்டைவிடப் பெரிதாக நினைக்கிறேன். உறுப்பினர் ஒவ்வொருவரும் தாம் அறுத்த ஒவ்வொரு முறிவையும் படத்தோடு பதிவு செய்து, குறித்த கால இடைவெளியில் மீண்டும் படமெடுத்து, நல்லதோ கெட்டதோ ஓரிடத்தில் சேர்க்கவேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். தன் தோல்வி பிறர் கண்ணில் படட்டும் என்று கையெழுத்திட்டுக் கொடுப்பது எளிதல்ல. பின்னால் அவர்கள் பாடத்தை அவர்களே திருத்திக்கொள்ள முடிந்ததற்கு இந்தப் பதிவும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

எங்கள் கைக்கு அந்தப் பாடம் வந்தபோது அதில் ஒரு பாதிதான் வந்தது. ரத்த ஓட்டத்தைக் காப்பாற்று என்பதும் அவர்களின் நான்கு கொள்கைகளில் ஒன்று. ஆனால் நாங்கள் படத்தைப் பார்த்தோம். படத்தில் கோடு தெரியாவிட்டால் வெற்றி, சுற்றிலும் பஞ்சுப்பொதி மாதிரி கேலஸ் என்ற புது எலும்பு வளர்ந்தால் பிடிமானம் போதாது என்று வெட்கம். ரத்த ஓட்டம் எக்ஸ்ரேயில் விழாதே.

2002-ல் ஒரு மூன்று நாள் பயிற்சிக்குப் போனேன். போக விருப்பமில்லை. முப்பத்தெட்டு வயதில், இருபத்தேழு இருபத்தெட்டு வயதுப் பிள்ளைகளோடு மேசையைச் சுற்றி நிற்கவேண்டும். மேசைமேல் பிளாஸ்டிக் எலும்புகள். துளை போடும்போது கருகிய நெடி வரும். சொல்லிக்கொடுக்க வந்தவருக்கும் என்னைவிட வயது குறைவு. இரண்டு சின்னக் கீறல் போட்டு, நடுவில் எதையும் திறக்காமல், தோலுக்கும் எலும்பு உறைக்கும் இடையே பிளேட்டை நழுவவிட்டு, சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவியின் திரையைப் பார்த்தே இரண்டு முனையிலும் ஸ்க்ரூ போடச் சொன்னார். நடுவில் துண்டுகள் எப்படியாவது கிடக்கட்டும். நீளமும் நேரும் திருப்பமும் சரியாக இருந்தால் போதும் என்றார். நான் பிளாஸ்டிக் எலும்பின் நடுவில் துண்டுகளைச் சேர்க்கக் குனிந்தேன். அவர் என் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்தார். "சார், அதைத் தொடாதீங்க. அது பிழைச்சுக்கும்."

பிறகு ஸ்டீபன் பெரன் என்ற ஆய்வாளரின் ஆய்வை விளக்கினார். இணையும் இடத்தில் சிறிதளவு அசைவு எலும்புக்குப் பகை அல்ல. புதிதாக ஊறும் இளந்திசு தன் நீளத்தைப்போல் இன்னொரு மடங்குகூட இழுபட்டுப் பிழைக்கும். முற்றிய எலும்போ இரண்டு சதவீதம் இழுபட்டாலே முறிந்துவிடும். அந்த இளசிலிருந்து முற்றலுக்குப் போகும் பயணம்தான் நாங்கள் வெட்கப்பட்ட கேலஸ்.

அடுத்து ஒரு பழைய பெயரைத் திரையில் காட்டினார். கேர்டில்ஸ்டோன், ஆக்ஸ்ஃபோர்ட். எலும்பு ஒரு செடி, அதன் வேர் சுற்றியுள்ள சதையில் இருக்கிறது, அதற்குத் தச்சனின் திறமையைவிடத் தோட்டக்காரனின் பொறுமை வேண்டும் என்று அந்த மருத்துவர் எழுதிய ஆண்டு 1932.

நான் கையிலிருந்த திருப்புளியை மேசையில் வைத்தேன்.

1932. நான் அந்த ஓட்டுநரின் சவ்வைச் சுரண்டுவதற்கு அறுபத்தோரு வருஷம் முன்னால். அதுவரை என் மனத்துக்குள் நான் வைத்திருந்த வாதம் ஒன்றே ஒன்று: அன்று யாருக்கும் தெரியாது. அது பொய்யாகிவிட்டது. யாரோ ஒருவருக்குத் தெரிந்திருந்தது, எழுதியும் வைத்திருந்தார். நூலகத்தில் இருந்திருக்கும். நாங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான். அந்த ஓட்டுநருக்குக் கடைசியில் காலைக் காப்பாற்றிய வளையங்களின் கதையும் இப்படித்தான். சைபீரியாவில் குர்கான் என்ற தூரத்து ஊரில் இலிசரோவ் என்ற மருத்துவர் 1950-களிலேயே அதைக் கையாண்டார். மேற்கு ஐரோப்பா காதுகொடுத்துக் கேட்டது 1981-ல், அதுவும் கார்லோ மவுரி என்ற இத்தாலிய மலையேறி ஆறாத காலோடு அங்கே போய்க் குணமாகித் திரும்பிய பிறகு. இடையில் போன முப்பது வருஷத்தில் எத்தனை கால்கள் வெட்டப்பட்டிருக்கும் என்று நினைக்காமல் என்னால் அந்தத் தேதிகளைப் படிக்க முடிவதில்லை.

அறியாமையில் இரண்டு வகை உண்டு என்று அன்றுதான் உறைத்தது. தெரியவில்லை என்று தெரிகிற அறியாமை ஒன்று. அது நல்லது; அதுதான் என்னை நூலகத்துக்குத் துரத்தும், மூத்தவரைக் கேட்கவைக்கும். இன்னொன்று, தெரியவில்லை என்பதே தெரியாதது. பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவம் திருவருட்பயனில் ஆணவ மலத்தைப் பற்றிச் சொல்லும்போது இருட்டோடு அதை ஒப்பிடுகிறார். இருட்டு மற்றப் பொருளை மறைக்கும், ஆனால் தான் இருப்பதையாவது காட்டும். ஆணவமோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது என்கிறார். சைவ மடத்துப் புலவர்கள் இதை ஆன்மாவுக்குச் சொன்னதாகத்தான் விளக்குவார்கள், அது சரியும்கூட. நான் இதை ஆப்பரேஷன் தியேட்டரில் நிற்கிற ஒருவனாகப் படித்தேன். கோடு தெரியாத அந்த எக்ஸ்ரேயின் முன்னால் நின்று தூக்கம் வராமல் மகிழ்ந்தவனுக்கு இருட்டு தெரிந்திருக்கவில்லை. விளக்குப்பெட்டி அவ்வளவு வெளிச்சமாக இருந்தது.

அப்படியானால் தலையெழுத்து? அதை நான் கேலி செய்யமாட்டேன். என் அம்மா அதை நம்பியவள், நானும் முழுக்க விட்டவனல்ல. ஆனால் அதை நம்புகிற மரபே அதில் ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறது. முன்வினையில் இப்போது அனுபவிக்க வந்திருப்பது பிராரத்தம். அதை அனுபவிக்கும் போக்கில் இப்போது செய்கிற செயலால் புதிதாக ஏறுவது ஆகாமியம். அவர் கால் ஒடிந்தது அவருடைய பிராரத்தம் என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் காலின்மேல் என் கை செய்தது அவருடையதல்ல. என்னுடையது, என் ஆகாமியம். தலையெழுத்து என்ற சொல்லை நோயாளி சொல்லலாம். அது அவருடைய பெருந்தன்மை, அவர் தன் வலியைத் தாங்கும் வழி. வைத்தியன் அதை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. நான் போட்டுக்கொண்டேன்.

என் அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சி, ராசிபுரம் பக்கம் எலும்பு கட்டுகிறவர். மூங்கில் சிம்பு, முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு, வெள்ளைத் துணி. எம்.பி.பி.எஸ். படிக்கிற காலத்தில் அவர் தொழிலைப் பற்றி நான் பேசியதே இல்லை. அவர் செத்த பிறகுதான் அம்மா சொன்னாள். இளவயதில் அவர், புளியமரத்திலிருந்து விழுந்த ஒரு பையனுக்கு முழங்கைப் பக்கம் இறுக்கிக் கட்டிவிட்டார். பையன் அழுதான், வலி இருக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார்கள். ஐந்தாம் நாள் பிரித்தபோது விரல்கள் குளிர்ந்திருந்தன. கை சூம்பி, விரல்கள் பறவையின் கால்மாதிரி மடங்கிப்போயின. 1881-லேயே ஜெர்மனியில் ரிச்சர்ட் வோல்க்மன் இதையேதான் எழுதினார்: இறுகிய கட்டு, ரத்தம் நின்ற தசை, சுருங்கிய கை. ராசிபுரத்துக்கு அந்தச் செய்தி வரவில்லை. அப்புச்சி அதை அந்தப் பையனிடமிருந்து கற்றுக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் யாருக்குக் கட்டுப் போட்டாலும், அன்று ராத்திரியே அரிக்கேன் விளக்கோடு அந்த வீட்டுக்கு நடந்து போவாராம். விரல் நகத்தை அழுத்திப் பிடித்து விடுவார். வெளுத்த இடத்தில் சிவப்பு திரும்புகிறதா என்று பார்ப்பார். சந்தேகம் வந்தால் அங்கேயே கட்டை அவிழ்த்துவிடுவார். மூன்று மைல் என்றாலும், மழை என்றாலும் போவார். தன்னிடம் தொழில் கற்க வந்தவர்களிடம், "கட்டுப் போட்ட அன்னிக்கு ராத்திரி தூங்கறவன் வைத்தியன் இல்லடா" என்பாராம். இன்று என் பி.ஜி. பிள்ளைகளுக்கு மாவுக்கட்டு போட்டபின் நான் சொல்லிக்கொடுப்பது அந்த நக அழுத்தத்தைத்தான், புத்தகப் பெயரோடு.

அம்மா இன்னொன்றும் சொன்னாள். வருஷா வருஷம் தைப்பொங்கலுக்கு முன்னால் அந்தப் பையன் வீட்டுக்கு ஒரு மூட்டை நெல் போகும். எதற்கென்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இதில் எது பரிகாரம் என்று ரொம்ப நாள் யோசித்தேன். அரிக்கேன் விளக்கா, நெல் மூட்டையா? விளக்குதான் என்று முதலில் தோன்றியது. எத்தனையோ கைகளைக் காப்பாற்றியது அதுதானே. ஆனால் அந்த விளக்கால் அந்தப் பையனுக்குக் கிடைத்தது என்ன? ஒன்றுமில்லை. கற்றுக்கொள்வதில் இருக்கிற கொடுமை இது. நான் திருந்துவதற்குக் கூலி கொடுத்தவர் ஒருவர், பலன் அனுபவிப்பவர் வேறொருவர். ஏகலைவன் குருதட்சிணையாகத் தன் கட்டைவிரலைக் கொடுத்தான். எங்கள் தொழிலில் சீடன் பிறர் காலைக் கொடுத்துக் கற்கிறான். அப்புச்சிக்கு இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் விளக்கு தனியாக, நெல் தனியாக.

இந்தக் கூலியை முடிந்தவரை குறைப்பதற்குத்தான் பயிற்சி இருக்கிறது. சுசுருதர் தம் மாணவர்களை முதலில் பூசணிக்காயிலும் சுரைக்காயிலும் கீறிப் பழகச் சொன்னார். துணிப்பொம்மையின் கைகால்களில் கட்டுக் கட்டிப் பழகச் சொன்னார். இன்று பிளாஸ்டிக் எலும்பு, தானமாக வந்த உடல். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை, ஐந்தாண்டில் குறைந்தது 30 மணி நேரம் தொடர்கல்வியில் கலந்துகொள்ளவேண்டும் என்கிறது. கணக்குப் போட்டால் மாதத்துக்கு அரை மணி நேரம். அதையும் காலையில் கையெழுத்துப் போட்டு, பையும் பேனாவும் வாங்கிக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டோடு கிளம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் சில தடவை கிளம்பியிருக்கிறேன். அதைச் சின்னத் தப்பாக இன்று என்னால் நினைக்க முடியவில்லை. யாருக்குமே தெரியாததற்கு என்னைப் பிடிக்க முடியாது. அடுத்த அறையில் ஒருவர் சொல்லிக்கொண்டிருக்க நான் எழுந்து வந்துவிட்டேன் என்றால், அந்த அறியாமை நான் விலை கொடுத்து வாங்கியது.

புதிதாகச் சொல்வதெல்லாம் உண்மை என்று நான் சொல்லவில்லை. கருவி விற்கிறவர்களின் கடை அந்த மண்டபத்து வாசலிலேயே இருக்கிறது. புதிய பிளேட் என்றால் புதிய விலை. பழையதென்றாலே உண்மை என்பதும் இல்லை. தோல் கிழிந்த முறிவை ஆறு மணி நேரத்துக்குள் தியேட்டருக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்யவேண்டும் என்று எங்களுக்கு வேதம் மாதிரி சொல்லித்தந்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில், அனுபவமில்லாத கைகளை வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அறுத்திருக்கிறோம். அந்த ஆறு மணி எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், 1898-ல் ஜெர்மனியில் ஃப்ரீட்ரிக் என்பவர் கினிப் பன்றிகளின் காயத்தில் தோட்டத்து மண்ணையும் மாடிப்படித் தூசியையும் வைத்துச் செய்த சோதனையில் போய் நிற்கிறது. ஆன்டிபயாடிக் பிறக்காத காலம். பிற்கால ஆய்வுகள், முதல் ஊசி எவ்வளவு சீக்கிரம் போகிறது, சுத்தம் செய்கிற கை எவ்வளவு தேர்ந்தது என்பதே முக்கியம் என்கின்றன. வயல் சேறும் சாணமும் புகுந்த காலைக் காத்திருக்க வைக்கலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஒரு விதியின் வேரைத் தோண்டிப் பார்க்காமல் நூறு வருஷம் கும்பிட்டோம் என்பதைத்தான் சொல்கிறேன்.

எல்லாவற்றிலும் கடினமான பாடம் கத்தியைக் கீழே வைப்பது. தோள்மூட்டுக்குக் கீழே கையெலும்பு ஒடிந்து விலகிய முதியவர்களுக்கு நான் பத்துப் பன்னிரண்டு வருஷம் பிளேட் வைத்துக்கொண்டிருந்தேன். 2015-ல் பிரிட்டனில் 250 பேரை வைத்துச் செய்த ஆய்வு வெளியாயிற்று. அறுவை செய்தவர்களுக்கும், கழுத்திலிருந்து கையைத் தொங்கவிட்டுக் கட்டி மெல்ல அசைக்கப் பழக்கியவர்களுக்கும், இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எல்லா முறிவுக்கும் இது பொருந்தாது, தனித்தனியாகப் பார்க்கத்தான் வேண்டும். ஆனாலும் படித்த அன்று என் கை எனக்கே கனமாக இருந்தது. அடுத்த வாரம் எழுபத்தெட்டு வயதுப் பாட்டி ஒருவர் அதே முறிவோடு வந்தார். மகன், "ஆப்பரேஷன் பண்ணிருங்க டாக்டர், காசு பாத்துக்கலாம்" என்றார். அரை மணி நேரம் உட்கார்ந்து, வேண்டாம் என்று விளக்கினேன். அறுத்திருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். சும்மா இருப்பதுதான் பெரிது என்று நம் ஞானிகள் சொன்னபோது சோம்பலைச் சொல்லவில்லை என்று புரிந்தது. சும்மா இருக்க நிறையத் தெரிந்திருக்கவேண்டும். அந்தப் பாட்டி மூன்றாம் மாதம் வந்து, கையைத் தூக்கித் தானே கொண்டை போட்டுக் காட்டினார்.

நாமக்கல் ஆஞ்சநேயரைச் சின்ன வயதிலிருந்து கும்பிடுகிறேன். பதினெட்டடி உயரம், மேலே கூரை இல்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கிறவர். லாரி வாங்குகிறவர்கள் முதலில் அங்கேதான் போவார்கள். லட்சுமணன் விழுந்து கிடந்தபோது மூலிகைக்குப் போனவர் அவர். ராமாயணம் சொல்கிற நான்கு மூலிகையில் ஒன்று உடம்பில் பாய்ந்த அம்பை வெளியேற்றுவது, இன்னொன்று உடைந்ததைப் பொருத்துவது, பெயர் சந்தானகரணி. மலைக்குப் போய் நின்றால் எது எந்தச் செடி என்று அவருக்குத் தெரியவில்லை. சிறுவனாக நான் இந்தக் கதையில் பலத்தைப் பார்த்தேன், ஒரு கையில் மலை. இப்போது வேறொன்றைப் பார்க்கிறேன். அவர் தெரிந்தமாதிரி ஏதோ ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு திரும்பவில்லை. நேரமில்லை, உயிர் போகிறது, அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு குத்துமதிப்பில் எதையாவது எடுத்துவந்திருக்கலாம். எனக்கு அடையாளம் தெரியவில்லை என்று மலையோடு வந்து, தெரிந்த வைத்தியன் முன்னால் வைத்தார்.

எட்டு வருஷத்துக்கு முன்பு, எங்கள் ஊர் எலும்பு மருத்துவர்கள் பத்துப் பதினைந்து பேர் மாதம் ஒரு ஞாயிறு கூட ஆரம்பித்தோம். சாப்பாடு இல்லை, பை இல்லை, கருவிக் கடையும் இல்லை. ஒவ்வொருவரும் தன் கை தவறிய ஒரு படத்தைக் கொண்டுவரவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. இந்த யோசனைக்கு எனக்குத் தைரியம் கொடுத்தது ஜேம்ஸ் ஸ்டைனரின் கதை. அவரும் எலும்பு மருத்துவர். 1976 பிப்ரவரியில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் அவர் ஓட்டிய சிறு விமானம் வயலில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்தார், பிள்ளைகளுக்குப் பலத்த அடி. கொண்டுபோன இடத்தில் குழந்தைகளுக்குக் கிடைத்த சிகிச்சை அவர் நெஞ்சைச் சுட்டது. அவர் ஒருவரைப் பிடித்துத் தண்டிக்கக் கிளம்பவில்லை. சிறிய ஊர் மருத்துவர்களுக்கு, விபத்தில் வந்தவனின் முதல் மணி நேரத்தில் எதை முதலில் பார்ப்பது, மூச்சா ரத்தமா எலும்பா என்று வரிசையாகக் கற்பிக்கும் வகுப்பை நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கினார். 1978-ல் முதல் வகுப்பு. இன்று ஏ.டி.எல்.எஸ். என்ற பெயரில் உலகம் அதைப் படிக்கிறது. அவருடைய மனைவிக்கு அதனால் ஒன்றும் திரும்பி வரவில்லை. அவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்.

எங்கள் முதல் ஞாயிறு யாரும் படம் எடுக்கவில்லை. மேசைமேல் உறைகள் இருந்தன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் எழுந்து 1993-ஆம் வருஷத்துப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். எட்டு ஸ்க்ரூ. அடுத்தது நான்காம் மாதத்துப் படம். என்ன செய்தேன் என்று கீறலிலிருந்து சொன்னேன். முடித்தபோது கடைசி வரிசையில் இருந்த இளைஞர் ஒருவர் தன் உறையைப் பிரித்தார்.

விளக்கு அதோடு சரி. நெல் பாக்கி இருந்தது.

போன வருஷம் மாசி மாதம், அவரே வந்தார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்று நான் இப்போது உட்காரும் சின்ன ஆஸ்பத்திரிக்கு. அறுபத்து மூன்று வயது. ஒரு பக்கம் உயரம் வைத்த செருப்பு. ஏழு வயதுப் பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு கூட நடந்தாள்; சைக்கிளிலிருந்து விழுந்திருந்தாள். முன்கையில் பச்சைக் குச்சி ஒடிவதுபோன்ற முறிவு, மாவுக்கட்டே போதும். கட்டிவிட்டு நகத்தை அழுத்திப் பார்த்தேன். சிவப்பு திரும்பியது. ராத்திரி எத்தனை மணிக்கு, எப்படிப் பார்க்கவேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். பிறகு பிள்ளையை வெளியே அவள் அம்மாவிடம் அனுப்பிவிட்டு, அலமாரியிலிருந்து உறையை எடுத்தேன்.

சொன்னேன். உங்கள் எலும்பு செத்தது உங்கள் தலையெழுத்தால் இல்லை, நான் அதன் உறையைச் சுரண்டியதால் என்று சொன்னேன். அன்று அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்றும் சொன்னேன். வேறுவிதமாகச் சொன்னவர்களும் இருந்தார்கள், நான் தேடவில்லை என்றும் சொன்னேன். நினைத்ததைவிடக் குறைந்த நேரத்தில் சொல்லி முடிந்துவிட்டது.

அவர் ஒன்றும் பேசவில்லை. படத்தைக் கையில் வாங்கி, எழுந்து, ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தார். தன் காலை அவர் அப்போதுதான் முதல்முறையாக உள்ளே பார்க்கிறார் என்று தோன்றியது. விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

"எட்டுங்களா?"

"எட்டுங்க."

"எட்டையும் எடுத்துப்போட்டீங்களா?"

"ஏழு முழுசா வந்துச்சு. ஒண்ணு ஒடிஞ்சு, நுனி எலும்புக்குள்ளயே நின்னுபோச்சு. எடுக்கப் போனா இருக்கிற எலும்பும் போயிரும்னு விட்டுட்டோம். இன்னமும் உள்ளதான் இருக்குது."

குனிந்து வேட்டியை ஒதுக்கி, தழும்பின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு படத்தை உறைக்குள் போட்டு என்னிடம் நீட்டினார்.

"அது பாட்டுக்கு இருக்கட்டுங்க" என்றார்.